வலையில் அசைந்த படங்கள் – 11: மறைந்த பறவை இன்னும் பறக்கிறது

2006 ஜூனில் ஃப்ளாஷ் பிளேயர் 9-உடன் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 வந்ததையும், அதற்காகவே எழுதப்பட்ட புது விர்ச்சுவல் மெஷினால் வேகம் கூடியதையும் போன வாரம் பார்த்தோம். வேகத்தோடு ஒரு பொறுப்பும் நம் தலையில் வந்து விழுந்தது. பலர் அதைக் கவனிக்கவே இல்லை.

ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2-இல், நிரல் வழியே உருவாக்கிய மூவிகிளிப்பை ஒழிக்க ‘ரிமூவ்மூவிகிளிப்’ என்ற ஒரே கட்டளை போதும். கிளிப் போய்விடும், அதன் மேல் எழுதிய ‘ஆன்என்டர்ஃப்ரேம்’ வேலையும் அதோடு நின்றுவிடும். மூன்றாம் பதிப்பில் அந்த இடத்துக்கு வந்தது ‘ரிமூவ்சைல்ட்’. அது செய்வது ஒன்றுதான்: திரையில் வரையவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து பெயரை அடிக்கிறது. ஆப்ஜெக்ட் மெமரியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு ஒரு பறவை இடப்பக்கம் பிறந்து வலப்பக்கம் பறந்து போகிறது. ஒவ்வொரு பறவையும் மேடைக்கு வந்ததும், “ஃப்ரேம் மாறும்போதெல்லாம் என்னுடைய ‘நகர்’ ஃபங்ஷனைக் கூப்பிடு” என்று ஸ்டேஜிடம் லிஸனர் பதிந்துவைக்கிறது. வலது ஓரத்தைத் தாண்டியதும் ரிமூவ்சைல்ட். திரை சுத்தமாக இருக்கிறது. ஆனால் பத்து நிமிடத்தில் 600 பறவைகள் சேர்ந்துவிட்டன. விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால், விநாடிக்கு 14,400 முறை ‘நகர்’ ஓடுகிறது. பறவைகளோ கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இன்னும் வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆடுகிறவருக்குத் தெரிவதெல்லாம் கம்ப்யூட்டரின் மின்விசிறிச் சத்தமும், விளையாட்டு இழுத்து இழுத்து நகர்வதும்தான்.

கார்பேஜ் கலெக்டர் எங்கே போனது? அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. ஃப்ளாஷ் பிளேயர் இரண்டு முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்தியது. ஓர் ஆப்ஜெக்டை எத்தனை ரெஃபரன்ஸ் பிடித்திருக்கிறது என்று எண்ணுவது முதல் முறை. எண்ணிக்கை பூஜ்யமானால் அதை எடுத்துவிடலாம். இரண்டு பறவைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால் எண்ணிக்கை பூஜ்யமாகவே ஆகாது. அதற்காக இரண்டாவது முறை: ஸ்டேஜ் போன்ற வேர்களில் தொடங்கி, எட்ட முடிகிற எல்லாவற்றுக்கும் குறி வைத்துவிட்டு, குறி விழாததைப் பெருக்கித் தள்ளுவது. இரண்டுமே 1960-லேயே அச்சில் வந்துவிட்ட யோசனைகள். முதலாவது ஜார்ஜ் காலின்ஸ் எழுதியது, இரண்டாவது ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக எழுதியது.

நம் பறவைக்கு வருவோம். ஸ்டேஜ் லிஸனரைப் பிடித்திருக்கிறது. லிஸனர் பறவையின் மெத்தட். மெத்தட் தன் பறவையைப் பிடித்திருக்கிறது. வேரிலிருந்து பறவைக்கு வழி திறந்தே கிடக்கிறது, குறி விழுந்துவிடுகிறது. நம் மாறியில் ‘நல்’ போட்டால் நம் கையிலிருந்த பிடி மட்டும்தான் விடுபடும். ‘டெலிட்’ எழுதிப் பார்த்தால், கிளாஸில் அறிவித்த மாறிக்கு அதைக் கம்பைலரே ஏற்காது.

லிஸனர் பதியும்போது ஐந்தாவது மதிப்பாக ‘ட்ரூ’ கொடுத்தால் பிடி பலவீனமாகிவிடும், கலெக்டர் பார்த்துக்கொள்ளும் என்று அன்றைக்குப் பலர் பரிந்துரைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கலெக்டர் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. அது வரும்வரை ‘நகர்’ ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெயரில்லாத உள் ஃபங்ஷனை அப்படிப் பதிந்தால் வேறு தொல்லை: தேவைப்படும்போதே லிஸனர் காணாமல் போகும், ஒரு பிழைச் செய்திகூட வராது.

இந்த மொழியில் டிஸ்ட்ரக்டர் கிடையாது. ஆகவே ‘டிஸ்ட்ராய்’ என்று ஒரு மெத்தட்டை நாமே எழுத வேண்டும், ‘நியூ’ எழுதிய அன்றைக்கே எழுத வேண்டும். பதிந்த லிஸனரை எடுப்பது, ஓடும் டைமரை நிறுத்துவது (ஓடும் டைமரைக் கலெக்டர் தொடாது), ஒலியை நிறுத்துவது, பிறகுதான் ரிமூவ்சைல்ட். படங்களில் கூடுதல் கவனம் தேவை. 1024-க்கு 768 அளவுள்ள ஒரு பிட்மேப்டேட்டா, பிக்சலுக்கு 4 பைட் வீதம், 3 எம்பி பிடிக்கும். ‘டிஸ்போஸ்’ சொன்னால் அந்த இடம் உடனே விடுபடும். சொல்லாவிட்டால் கலெக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து ஏற்றிய எஸ்டபிள்யூஎஃப் கோப்பின் கதை இன்னும் மோசம். ‘அன்லோட்’ செய்த பிறகும் அதன் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும். 2008-இல் வந்த ஃப்ளாஷ் பிளேயர் 10-இல்தான் ‘அன்லோட்அண்ட்ஸ்டாப்’ கிடைத்தது.

எல்லாம் சரியாக விடுபட்டதா என்று ‘சிஸ்டம்.டோட்டல்மெமரி’ காட்டும். எண் ஏறி ஏறி இறங்கினால் கவலையில்லை. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் முந்தைய அடிமட்டத்தைவிட மேலேயே நின்றால் எங்கோ கசிகிறது. ‘சிஸ்டம்.ஜிசி’ ஃப்ளாஷ் பிளேயரின் டீபக் பதிப்பில் மட்டுமே வேலை செய்ததால், ஒரே பெயரில் இரண்டு லோக்கல்கனெக்‌ஷன் திறந்து பிழையை வரவழைத்து, அந்தச் சாக்கில் கலெக்டரை ஓடவைக்கிற தந்திரம்கூடப் புழங்கியது. சோதித்துப் பார்க்க அது சரி. மக்கள் கைக்குப் போகும் விளையாட்டில் கூடாது.

2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃப்ளாஷ் பிளேயரைக் கைவிட்டது. பிரச்சினை மட்டும் இடம் மாறிக்கொண்டது. இன்று த்ரீ.ஜேஎஸ்-இல் காட்சியிலிருந்து ஓர் உருவத்தை எடுத்தாலும், அதன் ஜியோமெட்ரி, மெட்டீரியல், டெக்ஸ்சர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டிஸ்போஸ் சொன்னால்தான் கிராஃபிக்ஸ் மெமரி விடுபடும்.

தோட்டா பறக்கும் விளையாட்டில் விநாடிக்குப் பல ஆப்ஜெக்டுகள் பிறந்து மறையும். அங்கே இப்படி ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தால் கலெக்டர் ஓடும் நேரத்தில் படம் திக்கும். அழிக்காமல் எடுத்துவைத்து மறுபடி பயன்படுத்தும் ‘பூல்’ முறையை அடுத்த வாரம் எழுதிப் பார்ப்போம்.

(தொடரும்)