பல்லும் நாமும் – 9: உமிக்கரியும் எலுமிச்சையும்

"ஒரு சொத்தைகூட கிடையாது டாக்டரம்மா. தண்ணி பட்டாத்தான் உயிர் போகுது" என்றபடி உட்கார்ந்தார் பெருங்களத்தூர்ப் பெரியவர். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அவர் சொன்னது சரிதான், சொத்தை இல்லை. ஆனால் மேல்வரிசையின் இடது பக்கத்தில், கோரைப்பல்லிலும் அடுத்த இரண்டு பற்களிலும், ஈறோரமாகக் கோடரியால் கொத்தினதுபோல் பள்ளம். வலது பக்கம் அந்த அளவுக்கு இல்லை.

"நீங்க வலது கையாலதானே பல் விளக்குவீங்க ஐயா?"

"ஆமாம்மா. எப்படித் தெரியும்?"

வலது கைக்காரர்களின் அழுத்தமெல்லாம் பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் விழும். பல்வரிசை வளைகிற இடத்தில் கோரைப்பல் துருத்தி நிற்பதால், முதல் அடி அதற்கு. எப்படி விளக்குகிறார் என்று காட்டச் சொன்னேன். மரம் அறுப்பதுபோல் கையை முன்னும் பின்னும் இழுத்தார். வாங்கிய இரண்டே வாரத்தில் பிரஷின் இழைகள் நாலாபக்கமும் விரிந்துபோகுமாம். சின்ன வயதில் உமிக்கரி, சில நாள் செங்கல் தூள், பிறகு கெட்டிப் பிரஷ். "அழுத்தித் தேய்ச்சாத்தானே சுத்தமாகும்னு எங்க அப்பா சொல்வார்."

அவர் அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். கரி கறையை எடுக்கும், உண்மை. ஆனால் நெல் உமியை முழுவதும் எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். உமிக்கரியால் தினமும் பல் விளக்குவது நுண்ணிய உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். கரியை இப்போது பளபளக்கும் டியூபிலும் டப்பாவிலும் விற்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பல் வெளுக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூலிகைப் பொடிகள் மீது எனக்குப் பகை இல்லை. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நம் தாம்பரம் சானடோரியத்தில்தான் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் சூரணத்தைத் துணியில் சலித்து 'வஸ்திரகாயம்' செய்வார்கள். கடைப்பொடியை இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறத்தால் அது பல்லுக்கு ஆகாது.

உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல். எடையில் 96 சதவீதம் தாது உப்பு. கடைவாய்ப்பல்லின் முகட்டில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஈறை நெருங்க நெருங்க மெலிந்து ஒன்றுமில்லாமல் போகும். அதன் கீழே இருப்பது டென்டின், மஞ்சள் நிறம், உள்ளே ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். எனாமல் போனதும் அந்தக் குழாய்களின் வாய் திறந்துகொள்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளிருக்கும் திரவம் அசைந்து நரம்பைச் சீண்டுகிறது. அதுதான் பெரியவரின் கூச்சம். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமலைச் செய்த செல்களோ பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. போனது போனதுதான்.

மென்று தின்றே பல் தேய்வது வேறு கதை, மிகப் பழைய கதை. 1863 மே 30 அன்று நம் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்திய மண்ணில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு முதல் சாட்சி அதுதான். அப்படிப்பட்ட பழங்கால மனிதர்களின் பல்லும் தேய்ந்ததுதான்: உலகெங்கும் அகழ்ந்தெடுத்த பழங்கால மண்டையோடுகளில் பற்கள் தட்டையாகத் தேய்ந்திருப்பது சாதாரணம். உணவோடு மண்ணும் கல்லும் சேர்ந்தே வாய்க்குள் போன காலம். அம்மி கொத்திய அன்று, முதல் அரைப்பை வழித்து வெளியே கொட்டிய நம் பாட்டிகளுக்கு இந்தச் சங்கதி தெரிந்திருந்தது. திரிசூலம், பம்மல் மலைகளில் கல் உடைத்தவர்களுக்கு அப்படிக் கொட்டிவிட வழியில்லை. கல்தூசி வாயில் படிகிற வேலையில் பல் சீக்கிரம் தேயும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம்.

இன்றைய இளையவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது அமிலத் தேய்மானம். வாயின் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் இளகத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டி, கோலா வகைகள் 2.5ஐ ஒட்டி. விடியற்காலையில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்து உடனே பல் விளக்குகிறவர்கள் இளகிய எனாமலைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஒரே மூச்சில் குடித்துவிட்டால்கூடப் பரவாயில்லை. ஒரு பாட்டிலை மேசையில் வைத்து இரண்டு மணி நேரம் உறிஞ்சுவதுதான் கெடுதல். குடித்தபின் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள், அரை மணி நேரமாவது கழித்து பிரஷை எடுங்கள்.

மேல் முன்பற்களின் உள்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தால் என் முதல் கேள்வி, "நெஞ்செரிச்சல் உண்டா?" என்பதுதான். இரவில் எதுக்களித்து மேலே வரும் வயிற்று அமிலம் அங்கேதான் படும். அவர்களைக் குடல் மருத்துவரிடம் அனுப்பாமல் பல்லை மட்டும் அடைப்பது வீண்வேலை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களும் உண்டு. வயிற்றில் பூச்சி என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். பல்லின் நுனிகள் தட்டையாகின்றன என்றால் இரவில் போட்டுக்கொள்ளும் அக்ரிலிக் கவசம் காப்பாற்றும்.

பெரியவருக்கு ஆழமான இரண்டு பள்ளங்களைப் பல் நிறக் காம்போசிட்டால் அடைத்தேன். மற்றதற்குப் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட். அது வேலை செய்ய இரண்டு வாரமாவது ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டேன். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட், பிடி மட்டும் பேனா பிடிப்பதுபோல். பையன் வீட்டுக்குப் பக்கத்தில் காட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். ரத்தினமங்கலத்திலும் பள்ளிக்கரணையிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மின்சார ரயிலில் சென்னைக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம்.

மூன்று மாதம் கழித்து என்னிடமே வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே சட்டைப்பையிலிருந்து பிரஷை எடுத்து நீட்டினார். இழைகள் அத்தனையும் நிமிர்ந்தே நின்றன.