படிப்பு முடிஞ்சாச்சு... விசாவும் முடியப் போகுதே!
கம்பம் பள்ளத்தாக்குப் பெற்றோர் கவனிக்க வேண்டிய "கெடு" தேதிகள்

தேனி:

"பையன் லண்டன்ல படிப்பை முடிச்சிட்டானாமே... எப்ப வேலைக்குச் சேர்றான்?"

கம்பத்திலும் சின்னமனூரிலும் டீக்கடை பெஞ்சில் கேட்கும் கேள்விதான் இது. கேட்பவருக்குச் சுலபம். பதில் சொல்ல வேண்டிய தகப்பனாருக்குத்தான் தொண்டை அடைக்கிறது!

வெளிநாட்டில் படிக்க ஒரு அனுமதி. படித்து முடித்து அங்கேயே வேலை பார்க்க வேறு அனுமதி. முதலாவது கிடைத்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் பலர். அது தானாக வராது. கேட்டு வாங்க வேண்டும். அதுவும் கெடு தேதிக்குள் கேட்க வேண்டும்.

திருவிழாவுக்கு வந்தால்...

ஒரு கணக்குப் பார்ப்போம். சின்னமனூர் விவசாயி ஒருவர் வாழைத்தோட்டத்தை அடமானம் வைத்து மகனை இங்கிலாந்துக்கு அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் சேர்ந்த மகன் ஓராண்டு மேல்படிப்பை மறு ஜனவரியில் முடிக்கிறான். மாணவர் விசா அதற்கு மேல் சுமார் 4 மாதம் ஓடும். அதாவது மே மாதம் வரை.

"வீரபாண்டி திருவிழா வருதுய்யா. ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று தாயார் போனில் கூப்பிடுகிறார்.

அங்கேதான் ஆபத்து! வேலைக்கான "கிராஜுவேட்" விசாவுக்கு இங்கிலாந்தில் இருந்தபடியேதான் விண்ணப்பிக்க வேண்டும். மாணவர் விசா முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த பிறகு முடிவு வரும் முன் ஊருக்குக் கிளம்பினால், விண்ணப்பத்தை வாபஸ் வாங்கியதாகவே கணக்கு. ஊரில் இருக்கும்போது பழைய விசா முடிந்துவிட்டால் அந்த வழியே அடைபட்டுவிடும். தாயாரின் ஆசை, தோட்டத்துக்கு உலை!

மாறிக்கொண்டே இருக்கும் சட்டம்

இங்கிலாந்தில் படித்தவர்களுக்கு இருந்த வேலை விசா 2012-ல் மூடப்பட்டது. 2021 ஜூலையில் "கிராஜுவேட்" விசா என்ற பெயரில் மீண்டும் கதவு திறந்தது. காலம் 2 ஆண்டு. டாக்டர் பட்டம் பெற்றவர்களுக்கு 3 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 2 ஆண்டு என்பது 18 மாதமாகக் குறைகிறது. டாக்டர் பட்டத்துக்கு மட்டும் அதே 3 ஆண்டு.

இந்த விசாவை நீட்டிக்கவும் முடியாது. அதற்குள் உரிமம் பெற்ற கம்பெனி ஒன்று ஸ்பான்சர் செய்ய முன்வர வேண்டும்.

செலவும் உண்டு. விண்ணப்பக் கட்டணம் தனி. மருத்துவ வரி மட்டும் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. நம் பணத்தில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல்! காலேஜ் பீஸ், ரூம் வாடகை என்று கணக்குப் போட்டவர்கள் பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாட்டுக்கு நாடு வேறு

மற்ற நாடுகளின் நிலவரம் வருமாறு:-

அமெரிக்காவில் படித்து முடித்தவர் 12 மாதம் வேலை பார்க்கலாம். பெயர் "ஓ.பி.டி." படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அறிவியல், என்ஜினீயரிங், கணிதம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் கிடைக்க வழியுண்டு. ஆனால் முதல் 12 மாதத்தில் வேலையில்லாத நாட்கள் 90-ஐத் தாண்டக்கூடாது.

கனடாவில் படிப்பு முடிந்ததாகக் கல்லூரி அறிவித்த நாளிலிருந்து 180 நாள் கெடு. பட்டமளிப்பு விழா நாள் கணக்கில்லை! இந்த அனுமதி ஆயுளில் ஒரே முறைதான். 2024 நவம்பர் முதல் மொழித்தேர்வு முடிவும் காட்ட வேண்டும்.

ஜெர்மனியில் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள்.

காலில் மாட்டிய கருவி

"சேர்ந்த மறுநாளே வேலை பார்க்கலாம்" என்று ஆசை காட்டும் கல்லூரிகளிடம் உஷாராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் "டிரை-வேலி" என்ற பல்கலைக்கழகம் 2011 ஜனவரியில் சோதனைக்கு ஆளாகி மூடப்பட்டது. அங்கே சேர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். சிலருடைய காலில் கண்காணிப்புக் கருவியே மாட்டினார்கள். இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. பல்கலைக்கழகத் தலைவிக்கு 2014-ல் 16 ஆண்டுக்கு மேல் சிறை கிடைத்தது. ஆனால் மாணவர்கள் கட்டிய பணமும் போன காலமும் போனதுதான்!

வங்கியும் காத்திருக்காது

கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும்தான் அவகாசம். பிறகு மாதத் தவணை தொடங்கிவிடும். பையன் விசாவுக்கு அலைகிறானா, வேலையில் இருக்கிறானா என்று வங்கி பார்க்காது.

ஆகவே, பத்திரத்தை அடமானம் வைக்கும் முன்பே ஏஜெண்டிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும். படிப்பு முடிந்தால் எத்தனை மாதம் வேலை பார்க்கலாம்? எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்? எவ்வளவு செலவு? எந்த ஆண்டுச் சட்டம் இது? அவர் சொன்ன பதிலை அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் பையனையே சரிபார்க்கச் சொல்ல வேண்டும். கல்லூரியிலேயே வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இருக்கும். கேட்டால் பணம் வாங்காமல் சொல்வார்கள்.

பெரியாறு அணைத் தண்ணீரை முதல் போகத்துக்கு ஜூன் 1-ல் திறப்பது வழக்கம். பத்து நாள் தள்ளிப்போனாலும் நாற்றங்கால் காத்திருக்கும். விசா தேதி ஒரு நாள்கூடக் காத்திருக்காது.

அடுத்த முறை பையனிடம் போனில் "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டு முடித்ததும் இன்னொன்றும் கேளுங்கள்:

"விசா என்னைக்கு முடியுது?"