வலிப்பு மருந்தும் வயிற்று வலியும்

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. உண்மையில் வலிப்பைத் தடுத்து வைப்பது அன்றாடம் தவறாமல் உண்ணும் மாத்திரைதான். அவற்றுள் ஒன்று சோடியம் வால்புரோயேட். ‘எபிலிம்’ என்றால் பலருக்குத் தெரியும். என் சித்தி மகன் இம்மருந்தை உண்டு வருவதால்தான் இதன் அரிய பக்க விளைவு ஒன்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அதுவே கணைய அழற்சி.

கணையம் எங்கே உள்ளது?

இரைப்பைக்குப் பின்புறம் உள்ளது கணையம். இன்சுலினையும் உணவைச் செரிக்கும் நொதிகளையும் சுரப்பது இதுவே. நொதிகள் சிறுகுடலை அடைந்த பிறகே செயல்பட வேண்டும். அழற்சியின்போது அவை கணையத்திற்குள்ளேயே விழித்துக்கொண்டு, தம்மைச் சுரந்த உறுப்பையே அரிக்கத் தொடங்குகின்றன. உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

எவ்வளவு அரிது?

மருத்துவ ஆய்வுகளில் இம்மருந்தை உண்ட 2,416 பேரில், வேறு காரணம் ஏதுமின்றி இந்நோய் கண்டவர்கள் 2 பேர் மட்டுமே. ஆயினும் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கட்டமிட்ட எச்சரிக்கையில் இதனையும் சேர்த்தது. மருந்து தொடங்கிய சில நாள்களிலும் வரலாம். பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். இரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருந்தாலும் வரலாம்.

அறிகுறிகள் யாவை?

மேல்வயிற்றில் கடும் வலி, அது முதுகுக்குப் பரவுதல், குமட்டல், வாந்தி, பசியின்மை. நம் வீடுகளில் இதற்கு உடனே சூட்டும் பெயர் ‘கேஸ்ட்ரிக்’. ஒரு கேஸ்ட்ரிக் மாத்திரையோடு நாள் கழிந்துவிடும். மருத்துவமனைக்குச் சென்றால் அமிலேஸ், லிப்பேஸ் எனும் நொதிகளின் அளவை இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

ஆனால், அதற்கு மருத்துவருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: நோயாளி என்ன மருந்து உண்கிறார் என்பது. நம்மில் பலர் வலிப்பு நோயை வெளியே சொல்லக் கூசுகிறோம். கல்யாணப் பேச்சில் மறைப்பதைக் கிளினிக்கிலும் மறைக்கிறோம். அந்த மௌனம்தான் மருந்தை விட ஆபத்தானது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு ஏற்பட்டு உயிரே போகலாம். கணைய அழற்சி உறுதியானால், மருத்துவரே இதனை நிறுத்தி வேறு மருந்து தருவார்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் இம்மருந்தை உண்பவர் இருந்தால் அதன் பெயரைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். வயிறு வலித்தால் மருத்துவரிடம் முதலில் அப்பெயரைச் சொல்லுங்கள்.