ஒரு பகலில் 150 கிலோமீட்டர்: சைக்கிள் குழுப் பயணத்தில் உடலைக் காப்பது எப்படி?

வார இறுதி விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் குழுக்களை வரிசையாகப் பார்க்கலாம். சென்னையிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 150 கி.மீ. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால், ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒன்பது மணி நேரம் ஆகும். கன்னியாகுமரி வரை போகிறவர்களுக்கு இது முதல் நாள் மட்டுமே. இந்தத் தூரத்தைக் கடக்கக் காலில் வலு வேண்டும்தான். ஆனால் வலுவானவர்களும் பாதி வழியில் சுருண்டு உட்காருவதுண்டு. அவர்களில் பலரை வீழ்த்துவது தப்பான வேகமும், தள்ளிப்போட்ட சாப்பாடும், உப்பில்லாத தண்ணீரும்தான்.

கிளம்பும் முன்

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் நெடும்பயணத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு மிதிக்கும்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். உங்கள் நோயும் மருந்தும் என்னவென்று குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். தலைக்கவசமும் முன்பின் விளக்குகளும் இல்லாமல் இருட்டில் கிளம்பவே கூடாது.

முதல் இரண்டு மணி நேரம்

அதிகாலைக் குளிரும் கூட்டத்தின் உற்சாகமும் சேர்ந்து வேகத்தைக் கூட்டிவிடும். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் இரண்டு வாக்கியம் பேச முடிகிற வேகமே நாள் முழுக்கத் தாங்கும். கனமான கியரை அழுத்தி மிதிப்பதைவிட, லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பது முழங்காலுக்கு நல்லது.

முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால், பின்னால் வருபவரின் உழைப்பு வெகுவாகக் குறையும். ஆகவே முன்வரிசையை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப் போவது ஆபத்து. பள்ளத்தையும் மணலையும் கைகாட்டிச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் எப்போதும் கடைசியில் வரட்டும்; அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது.

பசிக்கு முன்னால் சாப்பாடு

தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்து, விறுவிறுப்பாக மிதித்தால் இரண்டு மணி நேரத்திலேயே பெருமளவு கரைந்துவிடும். அது தீர்ந்ததும் கை நடுங்கும், கண் இருளும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் உடனே தெளியாது. எனவே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. பேரீச்சம்பழமும் கடலைமிட்டாயும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

மாமல்லபுரத்தில் காலை உணவுக்கு நின்றால் இட்லி போதும். நெய்ப் பொங்கலும் வடையும் மெதுவாகச் செரிக்கும். மறுபடி ஏறி மிதிக்கும்போது வயிற்றைப் புரட்டும்.

தண்ணீரும் உப்பும்

வெயிலில் மிதிப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்வை போகலாம். அதோடு சோடியமும் போகிறது. பத்து மணிக்கு மேல் ஹெல்மெட் வாரிலும் கறுப்புச் சட்டையின் முதுகிலும் வெள்ளைக்கோடு படிவதைப் பார்க்கலாம். அது உடம்பிலிருந்து வெளியேறிய உப்பு.

இந்த நிலையில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்புவரை போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுமுறைப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழு லிட்டர் தண்ணீரில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. அதை மட்டும் நம்பக் கூடாது. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு குடிப்பது நல்ல வழக்கம். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை.

மரக்காணத்து வெயில்

உப்பளங்களுக்கு நடுவே போகும் மரக்காணம் பகுதியில் நிழல் குறைவு. குழு அங்கே வரும்போது பெரும்பாலும் பதினோரு மணி ஆகியிருக்கும். நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவர் மௌனமாகிவிட்டால், கேள்விக்குத் தாமதித்து, சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், நேர்க்கோட்டில் ஓட்டத் தடுமாறினால் உடனே நிறுத்துங்கள். உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை குழம்புவதே வெப்பத் தாக்கு. கடும் உழைப்பில் வரும் வெப்பத் தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். ‘வியர்க்கிறதே, ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடக் கூடாது.

நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பனிக்கட்டி வையுங்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். மார்பு வலி, மயக்கம் வந்தவருக்கும் அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது.

வலி சொல்லும் சேதி

முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை தாழ்வாக இருக்கலாம்; பின்புறம் வலித்தால் உயரமாக இருக்கலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது உள்ளங்கையில் நரம்பு அழுந்துவதால். பிடியை அடிக்கடி மாற்றி, முழங்கையைச் சற்றே மடக்கி ஓட்டுங்கள். இருக்கையில் அமரும் இடம் மரத்துப்போனால் எழுந்து நின்று மிதியுங்கள். அடிக்கடி நேர்ந்தால் இருக்கையையே மாற்ற வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரை போட்டு ஓட்டுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஊர் சேர்ந்த பிறகு

வியர்வையில் நனைந்த கால்சட்டையை உடனே மாற்றிக் குளித்தால் தொடை உராய்வுப் புண்கள் குறையும். ஒரு மணி நேரத்துக்குள் சோறும் பருப்பும், முட்டை அல்லது மீனும் சாப்பிடுங்கள். நன்றாகத் தூங்குங்கள். மறுநாள் காலையில் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட மிகுந்திருந்தாலோ, படி இறங்கும்போது முழங்கால் குத்தினாலோ அன்று ஓய்வு எடுங்கள், குழுவோடு வரும் துணை வண்டியில் ஏறுங்கள். அப்படி ஏறுபவரைக் கேலி செய்யாத குழுவில்தான் ஒருவர் தன் வலியை மறைக்காமல் சொல்வார். குழுவாகப் போவதால் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு அது.