சிறுதீவுகளும் சுரப்பும்: நீரிழிவு பற்றி ஒரு குறிப்பு

நீரிழிவு என்பது இன்சுலின் பற்றாக்குறை என்று கூறி அமைதல் பொதுவழக்கு. இக்கூற்று முற்றும் பொய்யன்று. ஆயினும், அப்பற்றாக்குறை எவ்விடத்தே, எவ்வாறு தோன்றுகிறது என்னும் வினாவை அது மறைத்துவிடுகிறது.

1869 இல் பேர்லினில் ஆய்வேடு சமர்ப்பித்த போல் லங்கர்ஹான்ஸ் என்னும் இளைஞர், சதையியினுள்ளே ஏனையவற்றினின்றும் வேறுபட்ட சிறு கலத்தொகுதிகளைக் கண்டார். அவற்றின் தொழில் யாதென அவர் அறியார். இன்று அவர் பெயரால் வழங்கும் அச்சிறுதீவுகள் ஏறத்தாழ 10 இலட்சம் உள. எனினும், சதையியின் நிறையில் அவை நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கே.

சிறுதீவின் பீற்றாக் கலம் சுரக்கும் இன்சுலின் குருதிக் குளுக்கோசைத் தாழ்த்தும். அல்பாக் கலம் சுரக்கும் குளுக்ககன் ஈரலிலிருந்து குளுக்கோசை வெளிப்படுத்தி அதனை உயர்த்தும். இன்சுலின் அல்பாக் கலத்தை அடக்குகிறது. குளுக்ககனோ பீற்றாக் கலத்தைத் தூண்டுகிறது. இங்கு இயங்கியலுக்குச் சான்று கண்டு மகிழ்வது எளிது. ஆனால், கலங்கள் நமது தத்துவத்தை நிரூபிப்பதற்காகத் தொழிற்படுவன அல்ல.

உணவின்பின் பீற்றாக் கலத்தினுட் புகும் குளுக்கோசு சிதைக்கப்படுகையில் ஏ.ரீ.பி. மிகுகிறது. அதனால் கலமென்சவ்வின் பொற்றாசியம் வாயில்கள் மூடுகின்றன. மென்சவ்வின் மின்னழுத்தம் மாற, கல்சியம் வாயில்கள் திறக்கின்றன. உட்புகும் கல்சியமே, முன்னர் ஆக்கிச் சேமிக்கப்பட்ட இன்சுலின் வெளியேறக் காரணமாகின்றது. ஆக்கம் வேறு, வெளியேற்றம் வேறு என்பது இங்கு வற்புறுத்தத்தக்கது.

முதலாம் வகை நீரிழிவில் உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே பீற்றாக் கலங்களை அழித்துவிடுகிறது. இரண்டாம் வகையிலே, இழையங்கள் இன்சுலினுக்கு இணங்காமையால் அக்கலங்கள் நெடுங்காலம் மிகையாக உழைத்து நலிகின்றன. அடங்காத குளுக்ககன் நிலைமையை மேலும் மோசமாக்குகிறது.

இவ்விரண்டிலும் அடங்காத ஒரு சாரார் உளர். பிறந்து 6 மாதங்களுக்குள் நீரிழிவுற்ற குழந்தைகள் வாழ்நாள் முழுவதும் ஊசிக்கு உரியோராகவே கருதப்பட்டனர். 2004 இல், அவர்களுட் சிலரிடத்துப் பொற்றாசியம் வாயிலுக்குரிய பரம்பரையலகு பிறழ்ந்திருப்பது அறியப்பட்டது. ஏ.ரீ.பி. மிகுந்தும் வாயில் மூடாது. இன்சுலின் உள்ளிருந்தும் வெளிவராது. அவ்வாயிலை மூடவல்ல சல்பனைல்யூரியா வில்லைகளோ 1950களிலிருந்தே வயதுவந்த நோயாளருக்கு வழங்கப்பட்டு வந்தவை, விலை மலிந்தவையுங்கூட. 2006 இல் வெளியான ஆய்வொன்றில் இப்பிறழ்வுடைய 49 பேருக்கு அவ்வில்லைகள் கொடுக்கப்பட்டன. அவர்களுள் 44 பேர் இன்சுலின் ஊசியை நிறுத்தினர்.