ராணியைத் தேடிப் போனவர்

1950-களின் மத்தியில் கல்கத்தாவில் வசித்த ஓர் இளம் தாய், சிறு வயது மகனைக் கணவரிடம் விட்டுவிட்டு ஜான்சிக்கு ரயில் ஏறினார். கையில் இருந்தது கடன் வாங்கிய பணம். தேடிப் போனதோ, 1858-லேயே இறந்துவிட்ட ராணி லட்சுமிபாயை.

அந்தத் தாய், மகாஸ்வேதா தேவி.

ஆங்கிலேயர்கள் பலர் எழுதிய வரலாற்றில் லட்சுமிபாய் ஒரு கொலைகாரி. 1857 ஜூனில் ஜான்சியில் பெண்கள், குழந்தைகள் உட்பட சுமார் 60 ஐரோப்பியர்கள் கொல்லப்பட்ட பழி அவர் மீது விழுந்தது. சிப்பாய்கள் தன்னையும் மிரட்டிப் பணம் பறித்ததாக அவர் உடனடியாக கமிஷனர் எர்ஸ்கினுக்குக் கடிதம் எழுதினார். ஜான்சி நிர்வாகத்தைக் கவனிக்கும்படி எர்ஸ்கினே அவரைக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் பழி நீங்கவில்லை. 1858 மார்ச்சில் ஹியூ ரோஸின் படை கோட்டையை முற்றுகையிட்டது. ஜூனில் குவாலியர் போரில் ராணி மடிந்தார்.

பின்னர் இந்தியர்கள் அவரைக் குதிரை மீது அமர்ந்த சிலையாக்கினார்கள். கொலைகாரிக்கும் சிலைக்கும் நடுவில் காணாமல் போன பெண்ணை, ஆவணங்களோடு புந்தேல்கண்ட் கிராமங்களிலும் மகாஸ்வேதா தேடினார். ராணி சாகவே இல்லை என்று நம்பியவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய பாட்டும் கதையும் அவருக்குச் சாட்சியங்களாயின. 1956-ல் ‘ஜான்சிர் ராணி’ வெளிவந்தது. அவரது முதல் புத்தகம் அது.

அந்தத் தேடல் அதோடு முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் நினைவும் வரலாறுதான் என்று ஜான்சியில் கற்ற பாடமே, பிர்சா முண்டாவைப் பற்றிய ‘ஆரண்யேர் அதிகார்’ நாவலிலும் பேசியது. 2016-ல், 90 வயதில் மறையும்வரை அவர் அந்தப் பாடத்தைக் கைவிடவில்லை.