ரத்தம் வைத்திருக்கும் காய்ச்சல் கணக்கு

ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறவரின் காய்ச்சல், சென்னையை அடுத்த படப்பையிலும் ஒரகடத்திலும் எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் ஏறாது. பிறகு அதை எப்படி எண்ணுவது?

ரத்தத்தைக் கேட்கலாம். காய்ச்சல் தந்த வைரஸ் போன பின்னும், அதை எதிர்க்க உடல் உருவாக்கிய ஐஜிஜி வகை ஆன்டிபாடி பல ஆண்டுகள் ரத்தத்தில் தங்கியிருக்கும்.

சென்னையில் 50 இடங்களில் 1,010 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2015-இல் வெளியானது. 93 சதவீதத்தினரிடம் டெங்கு வந்துபோன தடயம். 44 சதவீதத்தினரிடம் சிக்குன்குனியாவின் தடயம். தனக்கு டெங்கு வந்திருந்ததாகச் சொன்னவர்களோ சுமார் 1 சதவீதம்தான்! வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: வயது ஏற ஏற விகிதமும் ஏறினால், அந்த நோய் ஊரில் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது என்று பொருள். எல்லா வயதிலும் ஒரே அளவென்றால், அண்மையில் ஓர் அலை அடித்து ஓய்ந்திருக்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. டெங்கு ஆன்டிபாடி, டெங்குவின் உறவுக்கார வைரஸான ஜிகாவோடும் ஒட்டிக்கொள்ளும். அதனால், ரத்தநீர் எந்த வைரஸை உண்மையிலேயே முடக்குகிறது என்று ஆய்வகத்தில் மறுபடியும் பார்க்கிறார்கள்.